பெட்ரோல் போட்டு வைத்த திருடன்

"நேத்து சாயங்காலம் வரைக்கும் அந்த விலைதான் மேடம். இன்னிக்குக் காலையில ஏத்திட்டாங்க."

ஷோரூம்காரர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். மேஜை மேலிருந்த பொம்மைக் காரை எடுத்து அவருடைய டையின் மேல் ஏற்றி இறக்கலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆறு மாதத்தில் இது மூன்றாவது தடவை. முதல் தடவை வந்தபோது என் சேமிப்புக்கு ஒரு முழுக் கார் வரும் போலிருந்தது. இரண்டாவது தடவை நாலு சக்கரமும் இரண்டு கதவும். இப்போது அதே பணத்துக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

"எதுக்கு மேடம் வாங்கிக்கிட்டு? பேசாம லீஸ் எடுங்க. மாசாமாசம் வாடகை கட்டுங்க, மூணு வருஷம் ஓட்டுங்க, திருப்பிக் கொடுத்துட்டு அடுத்த புதுசை எடுங்க. இப்பல்லாம் யாருமே வாங்குறதில்ல."

"வாங்குற மாதிரி விலை வச்சா வாங்குவாங்க" என்றான் பக்கத்தில் இருந்த சைலன்சர்.

சைலன்சர் என் உதவியாளன். வயது நாற்பத்திரண்டு. இதே மாதிரி டை கட்டிக்கொண்டு பத்து வருடம் கார் விற்றவன். வாங்க ஆளில்லாமல் வேலை போனதும் என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டான். வாயை மூடவே தெரியாதவன் என்பதால் பழைய இடத்தில் யாரோ குறும்புக்கு வைத்த பெயர் அது. நான் இருபது வருடம் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதியவள். இப்போது தனியாகத் துப்பறிகிறேன். போன வாரம் என் பழைய கார் சிக்னலில் நின்றது. நின்றது நின்றதுதான். ஆகவே இன்றைய தேதிக்கு நான் வண்டியில்லாத துப்பறிவாளர்.

எழுந்து வெளியே வரும்போது போன் அடித்தது. ஒரு பெண் குரல், மூச்சு வாங்கியது.

"என் காரை யாரோ ஓட்டுறாங்க மேடம். நான் நிறுத்தி வச்சிருக்கிற காரை! வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சாகணும்."

*

அழைத்தவர் வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். ஆறு மாடிக் குடியிருப்பில் நாலாவது மாடி. கூடத்தில் ஒரு மடக்குக் கட்டில் சுவரில் சாய்ந்து நின்றது. கதவுக் கைப்பிடியில் ரப்பர் பட்டைகள் தொங்கின. அவருடைய கணவர், கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்ப்பவர், எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். தட்டில் பாதி தண்ணீர் சிந்தியிருந்தது.

"எதுக்கும்மா இதெல்லாம்? டிடெக்டிவ் அது இதுன்னு" என்று மென்று விழுங்கினார்.

"நீங்க சும்மா இருங்க" என்றார் பிசியோ. பிறகு என்னிடம் திரும்பினார். "மூணு வருஷ லீஸ் மேடம். நாப்பத்தஞ்சாயிரம் கிலோமீட்டர்தான் ஓட்டலாம். வர்ற வெள்ளிக்கிழமை வண்டியை அவங்க யார்டுல கொண்டுபோய் விடணும். மீட்டர் அளவுக்குள்ள இருந்தா பழைய வாடகைக்கே அடுத்த வண்டி தருவாங்க. ஒரு கிலோமீட்டர் கூடினாலும் புது ரேட். அது என்னால முடியவே முடியாது. வண்டி இல்லேன்னா எனக்குத் தொழிலே இல்ல. இந்தக் கட்டிலைத் தூக்கிட்டுப் பஸ்ல ஏற முடியுமா?"

"இப்ப மீட்டர்ல எவ்வளவு?"

"நாப்பத்துநாலாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பது. மிச்சம் அறுபத்தொண்ணு. யார்டு இங்கிருந்து பதினெட்டு. அதனாலதான் பன்னெண்டு நாளா வண்டியைத் தொடாம டாக்ஸிக்கு அழுதுட்டிருக்கேன். ஆனா இதைப் பாருங்க!"

போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். லீஸ் கம்பெனி கொடுத்திருந்த செயலி. வண்டி எங்கும் போகாத பன்னிரண்டு நாளில் மூன்று தடவை மீட்டர் நகர்ந்திருந்தது. செவ்வாய் இருபத்திரண்டு. ஞாயிறு இருபத்திரண்டு. மறுபடி செவ்வாய் இருபத்திரண்டு.

"வண்டி எங்க போச்சுன்னு இதுல தெரியாதா?" என்று கேட்டேன்.

"அதுக்குத் தனியா மாசக் கட்டணமாம்."

"நல்லவேளை, ஹாரனுக்குத் தனிக் கட்டணம் வைக்கல" என்றான் சைலன்சர்.

நான் செயலியில் இன்னொரு கோட்டைக் கவனித்தேன். பெட்ரோல். பன்னிரண்டு நாளுக்கு முன் அரை டேங்க். இப்போது முக்கால்.

"திருடன் பெட்ரோல் போட்டு வைக்கிறானா?" சைலன்சர் கண்களை விரித்தான். "மேடம், இவனைப் பிடிச்சதும் நம்ம ஆபீஸ்ல வேலைக்கு வச்சுக்கலாம்."

"அந்த வாட்ச்மேன்தான் மேடம்!" பிசியோ குரலை உயர்த்தினார். "கீழே இடம் நெருக்கடி. ஒரு வண்டி பின்னால ஒரு வண்டி நிக்கும். நகர்த்தறதுக்காக எல்லார் சாவியும் அவர்கிட்ட ஆணியில தொங்குது. நான் பேஸ்மென்ட்டுக்குப் போறதே இல்ல. காலையில இவர்தான் வண்டியை கேட் வாசலுக்குக் கொண்டுவந்து, கட்டிலை ஏத்தி, சீட்டைக்கூட எனக்கேத்த மாதிரி தள்ளி வச்சு, சாவியைக் கையில கொடுப்பார். சாயங்காலம் கேட்லயே விட்டுட்டு மேலே வந்துடுவேன். உள்ளே கொண்டுபோய் நிறுத்தறதும் இவர்தான்."

"இப்படி ஒரு புருஷன் இருக்கறது என் பொண்டாட்டிக்குத் தெரிய வேண்டாம்" என்றான் சைலன்சர்.

கண்ணாடிக்கடைக்காரர் சிரிக்கவில்லை. தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

*

பேஸ்மென்ட்டில் இறங்கியபோது எனக்கு மண்டை காய்ந்தது. இருந்ததெல்லாம் ஒரே மாதிரிக் கார். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வெள்ளை. லீஸ்காரர்கள் அதைத்தான் மலிவாகக் கொடுக்கிறார்களாம். ஒன்றிலாவது ஸ்டிக்கர் இல்லை, பொம்மை இல்லை, சீட் உறை இல்லை. திருப்பிக் கொடுக்கும்போது ஒரு கீறலுக்குக் கூடக் காசு பிடிப்பார்கள் என்ற பயத்தில் யாரும் எதையும் ஒட்டுவதில்லை. சொந்த வண்டி என்றால் பின்கண்ணாடியில் பிள்ளை பெயராவது இருக்கும். இங்கே எல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டில்கள் மாதிரி நின்றன.

"பாவிங்க!" பிசியோவின் வண்டி முன்னால் குந்தி உட்கார்ந்து சைலன்சர் புலம்பினான். "இது பழைய லாட் மேடம். பாருங்க, பம்பர்ல ஃபாக் லேம்ப் இருக்கு, பனியில போடற லைட். இதுக்கு அடுத்த மாசமே விலையை ஏத்திட்டு, ஃபாக் லேம்ப்பைப் பிடுங்கிட்டு, அந்த இடத்துல பிளாஸ்டிக் மூடி வச்சுட்டாங்க. கஸ்டமர் கேட்டா என்ன சொல்றதுன்னு மேனேஜரைக் கேட்டேன். 'புது டிசைன்னு சொல்லு'ன்னாரு."

"உன் சோகக் கதையை அப்புறம் வச்சுக்கோ" என்றேன். வாட்ச்மேனிடம் சாவி வாங்கிக் கதவைத் திறந்தேன்.

வாட்ச்மேன் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவர் என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அவர் உயரத்துக்கு அந்த சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். சீட்டோ முன்னால் தள்ளியிருந்தது. ஓட்டியவர் குட்டையானவர். கால்மிதியைத் தூக்கினேன். ஓரத்தில், விரல் நகம் அளவுக்கு வெளிர்நீலத் துண்டு ஒன்று கிடந்தது.

"சோப்பு" என்றான் சைலன்சர். "திருடன் குளிச்சுட்டு வர்றான்."

அதை என் சட்டைக் கை ஓரத்தில் தேய்த்தேன். மெல்லிய நீலக் கோடு விழுந்தது. தட்டினேன், தூளாகப் போய்விட்டது.

"டெய்லர் சாக்பீஸ்" என்றேன். "துணியில் அளவு வரையறது. ஓரத்தைக் கத்தி மாதிரி சீவியிருக்காங்க பார். இந்த பில்டிங்ல தையல் வேலை பார்க்கறது யார்?"

வாட்ச்மேன் தயங்கினார். "மூணாவது மாடியில ஒரு அம்மா இருக்காங்க. துணி சின்னது பெருசு பண்ணிக் கொடுப்பாங்க. அவங்க வண்டிதான் பக்கத்துல நிக்குது. ஆனா அவங்க ரொம்ப நல்ல மாதிரிங்க மேடம்."

"சொந்த வண்டி நிக்கும்போது எதுக்கு அடுத்தவங்க வண்டி?" என்றான் சைலன்சர்.

அந்தக் கேள்வியை அப்போதே நான் பிடித்திருக்க வேண்டும். பெட்ரோல் விஷயத்தையும்தான். விட்டுவிட்டேன். வண்டி இல்லாத கடுப்பு, காலையிலிருந்து சாப்பிடாத கடுப்பு, எல்லாம் சேர்ந்து சீக்கிரம் முடித்துவிட்டுப் போனால் போதும் என்று இருந்தது.

மேலே வந்து பிசியோவிடம், சாவியை ஆணியிலேயே விட்டு வையுங்கள், நாளை ஞாயிறு, கையும் களவுமாகப் பிடிக்கிறோம் என்று மட்டும் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மூணு வருஷத்துல எத்தனை பேரை நடக்க வச்சிருக்கேன் தெரியுமா மேடம்? இவரைப் பாருங்க. ஊருக்கு வெளியே நாப்பது கிலோமீட்டர் தள்ளி வீடு. வேற யாரும் போகமாட்டேன்னுட்டாங்க. நான் போனேன்."

போனில் ஒரு போட்டோ காட்டினார். நாலு மாதத்துக்கு முன் எடுத்தது. ஒரு பெரியவர் கைத்தடி இல்லாமல் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிசியோ, பின்னால் அந்த வெள்ளைக் கார்.

சைலன்சர் போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கினான். "மேடம், இந்த போட்டோல ஒண்ணு…"

"வாயை மூடிட்டு வா" என்றேன்.

அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, சைலன்சர் சொன்னபடி கேட்டான்.

*

ஞாயிறு மதியம் இரண்டேகால். பேஸ்மென்ட்டிலிருந்து வெள்ளைக் கார் மெல்ல வெளியே வந்தது. ஸ்டியரிங்கில் குள்ளமான ஒரு பெண்மணி, கழுத்தில் இஞ்ச் டேப்.

துப்பறியும் ஆட்கள் சீறிப் பாயும் காரில் துரத்துவார்கள் என்று நீங்கள் நினைத்தால் அதற்கு நான் பொறுப்பல்ல. நாங்கள் துரத்தியது சைலன்சரின் ஸ்கூட்டரில். அது நாற்பதுக்கு மேல் போனால் ஆஸ்துமா வந்த மாதிரி இழுக்கும். நல்லகாலம், அந்தப் பெண்மணி முப்பத்தைந்தைத் தாண்டவே இல்லை. ஒவ்வொரு மேட்டுக்கும் முன்பே காலை எடுத்து, பள்ளத்தில் வண்டியைத் தானாக உருளவிட்டு, மாவு சலிக்கிற நிதானத்தில் ஓட்டினார்.

"திருட்டு வண்டியை இவ்வளவு பொறுப்பா ஓட்டி நான் பார்த்ததே இல்ல" என்று முன்னாலிருந்து கத்தினான் சைலன்சர்.

பதினோராவது கிலோமீட்டரில், பஸ் வராத ஒரு கிளைச் சாலையின் முடிவில், கார் நின்றது. காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி விடுதி. கம்பி கேட்டுக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள். தையல்காரம்மாவைப் பார்த்ததும் இரண்டு கையாலும் மூச்சுவிடாமல் பேச ஆரம்பித்தாள். அம்மாவும் கையால் பதில் சொன்னார். ஒரு புதுச் சட்டையைப் பையிலிருந்து எடுத்து அவள் தோளில் வைத்துப் பார்த்தார்.

இங்கேதான் நான் தப்பு செய்தேன். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்கு முன்பே போனை எடுத்துப் பிசியோவிடம் சொல்லிவிட்டேன்: "உங்க கீழ்வீட்டு டெய்லர்தான். கையும் களவுமா நிக்கறாங்க."

மறுமுனையில் வெடித்தது என்ன என்பதை எழுத முடியாது.

ஒரு மணி நேரம் கழித்துத் தையல்காரம்மா வெளியே வந்தார். எங்களைப் பார்த்துத் திடுக்கிடவில்லை.

"உங்க ஸ்கூட்டர் சத்தம் பாலத்துலேர்ந்தே கேட்டுச்சு" என்றார். "மேல்வீட்டுல வச்ச ஆளா நீங்க?"

"ஆமாம். யாரைக் கேட்டு வண்டியை எடுத்தீங்க?"

"அதை நான் சொல்லமாட்டேன். சொல்றதில்லைன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். அவங்க வீட்டுக்காரரைக் கேளுங்க." கதவைத் திறந்தவர் நின்றார். "செவ்வாயும் ஞாயிறும்தான் பார்க்க விடுவாங்க. வர்ற செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பிறந்தநாள். வர்றேன்னு இப்பதான் சொல்லிட்டு வந்தேன்."

பெட்ரோல் போடுகிற திருடன் என்றால் என்ன அர்த்தம் என்று அப்போதுதான் உறைத்தது. தன்னுடையது என்று நினைப்பவர்தான் டேங்க்கை நிரப்புவார். திருடுகிறவருக்கு அந்தக் கவலை எதற்கு?

*

நாங்கள் திரும்பியபோது பேஸ்மென்ட்டில் பாதிக் குடியிருப்பு கூடியிருந்தது. பிசியோ நடுவில் நின்றார். தையல்காரம்மா இறங்குவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"திருடி! பக்கத்து வண்டிக்காரங்கன்னு நம்பினா, என் பிழைப்புல கை வைக்கறியா? உன் வண்டிதான் முழுசா நிக்குதே, அதை எடுத்துட்டுப் போறதுக்கென்ன?"

தையல்காரம்மா இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

"சார்" என்றேன், கூட்டத்தின் பின்னால் தூணோடு தூணாக நின்ற கண்ணாடிக்கடைக்காரரிடம். "நீங்க பேசறீங்களா, நான் பேசட்டுமா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா" என்றான் சைலன்சர். நிஜமாகவே முக்கியமான விஷயம் என்றால் மட்டும் நான் அவனுக்கு அக்கா. "இப்பவாவது நான் வாயைத் திறக்கலாமா?"

"திற."

அவன் பிசியோவிடம் கை நீட்டி போனை வாங்கினான். பெரியவர் போட்டோவைத் திறந்து, பம்பரைப் பெரிதாக்கி, எல்லோருக்கும் காட்டினான்.

"இந்த வண்டியில ஃபாக் லேம்ப் எங்கே? பிளாஸ்டிக் மூடிதான் இருக்கு. இதோ நிக்கிற உங்க வண்டியைப் பாருங்க, ஃபாக் லேம்ப் இருக்கு. பக்கத்துல நிக்குதே இவங்க வண்டி, அதைப் பாருங்க. மூடி! நாலு மாசத்துக்கு முன்னாடி நாப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் அந்தப் பெரியவரை நடக்க வச்சீங்களே, அன்னிக்கு நீங்க ஓட்டிட்டுப் போனது உங்க வண்டியே இல்ல. இவங்களோடது."

பிசியோ ஒரு பம்பரைப் பார்த்தார், மறு பம்பரைப் பார்த்தார், பிறகு புருஷனைப் பார்த்தார்.

"என்னங்க இது?"

கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதை மாட்டாமலேயே பேசினார்.

"உனக்கு யார் கூப்பிட்டாலும் மாட்டேன்னு சொல்லத் தெரியாது. முதல் வருஷமே இருபதாயிரத்தைத் தாண்டிட்டே. இப்படியே போனா வண்டி போயிடும்னு எனக்குப் பயம். சொன்னா தூரத்து ஆளுங்களை நிறுத்திடுவே. அந்தப் பெரியவர் இன்னிக்கும் படுக்கையிலதான் இருப்பார். அதான் இவங்ககிட்ட போய்க் கேட்டேன்."

"பொண்ணை ட்ரீட்மென்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகத்தான் நான் ஏழாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓட்டற சின்ன லீஸ் எடுத்தேன்" என்றார் தையல்காரம்மா, முதல் தடவையாக. "எடுத்த ரெண்டாவது மாசமே ஸ்கூல்லயே டாக்டர் வர ஆரம்பிச்சுட்டார். வாசல்லயே வேன் வரும். வண்டி சும்மா நின்னுச்சு. பாதியில திருப்பிக் கொடுத்தா அபராதம். மிச்சமாகிற கிலோமீட்டரை நான் என்ன டப்பாவிலயா போட்டு வைக்க முடியும்? எடுத்துக்கோங்கன்னேன்."

"தூரமா போற நாள்ல இவங்க வண்டியை கேட்டுக்குக் கொண்டு வருவேன்" என்றார் கணவர். "கிட்டத்துல போற நாள்ல நம்மளது. நீ ஒரு நாளும் பின்னால போய் நம்பரைப் பார்த்ததில்ல."

"கண்ணாடிக்கடைக்காரர் சம்சாரம்" என்று முணுமுணுத்தான் சைலன்சர். அவன் காலை மிதித்தேன்.

பிசியோவின் குரல் இறங்கிவிட்டது. "மொத்தம் எவ்வளவு?"

"ஆறாயிரத்து இருநூறு. இப்ப இவங்க வண்டி மீட்டர் முட்டிப்போச்சு. ரெண்டு மாசத்துல திருப்பிக் கொடுக்கணும், அதுவரைக்கும் எடுக்கவே முடியாது. இந்த வருஷம் பார்த்து ஸ்கூல் அங்கே மாறிடுச்சு, பொண்ணு ஹாஸ்டலுக்குப் போயிடுச்சு. நம்ம வண்டியில போய்ப் பார்த்துட்டு வாங்கன்னு நான்தான் சொன்னேன். இதுவரைக்கும் இவங்க எடுத்தது ஐநூறு."

ஐநூறு. ஆறாயிரத்து இருநூறு கொடுத்துவிட்டு, ஐநூறு எடுத்தவரைத்தான் இவ்வளவு பேர் முன்னால் திருடி என்று சொல்லியாகிவிட்டது. சொல்ல வைத்தவள் நான். என் இருபது வருட அனுபவத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்ட வேண்டும் போலிருந்தது.

பிசியோ சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு, திருடி என்று கத்தினாரே, அதே உச்சக் குரலில், ஒரு எழுத்துக் குறையாமல் சொன்னார்:

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க! திருடினது இவங்க இல்ல. ரெண்டு வருஷமா இவங்க வண்டியைத் திருடி ஓட்டினவ நான்தான்!"

தையல்காரம்மா பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் அழுதார்கள். கூட்டம் தரையைப் பார்த்துக்கொண்டு கலைந்தது.

அழுது முடித்ததும் கணக்கு வந்து நின்றது. எனக்கு எரிச்சல் திரும்ப வந்துவிட்டது. இன்றைய இருபத்திரண்டு போக மிச்சம் முப்பத்தொன்பது. செவ்வாய்க்கிழமை பிறந்தநாளுக்கு இருபத்திரண்டு. அப்புறம் மிச்சம் பதினேழு. யார்டோ பதினெட்டு.

"ஒரு கிலோமீட்டர்!" என்று தூணைக் குத்தினேன். கை வலித்ததுதான் மிச்சம். "ஒரே ஒரு கிலோமீட்டர் இடிக்குது!"

"நான் செவ்வாய்க்கிழமை போகலைங்க" என்றார் தையல்காரம்மா. "அவகிட்ட எப்படியாவது சொல்லிக்கறேன்."

"போறீங்க" என்றார் பிசியோ. "என் வண்டி போனாலும் பரவாயில்ல. போறீங்க."

"டாக்ஸியில போகலாமே?" என்றேன்.

"அந்த ரோட்டுக்கு ஒருத்தனும் வரமாட்டான் மேடம். வந்தாலும் ஒரு மணி நேரம் நிக்கமாட்டான். முயற்சி பண்ணாமலா இருப்போம்?" என்றார் கணவர்.

சைலன்சர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தான். சக்கரத்தைக் காலால் தட்டினான்.

"மேடம், சக்கரம் உருண்டாத்தானே மீட்டர் ஓடும்?"

"அதுக்கு?"

"போன வாரம் உங்க கார் சிக்னல்ல செத்துப்போச்சே, எதுல வீட்டுக்கு வந்துச்சு?"

நான் அவனையே பார்த்தேன். என் கார் வந்தது ஒரு லாரியின் முதுகில். மீட்டர் ஒரு அடி கூட நகரவில்லை.

*

செவ்வாய்க்கிழமை பிசியோவே வண்டியை எடுத்தார். பக்கத்தில் தையல்காரம்மா, பின் சீட்டில் ஒரு பிறந்தநாள் கேக். போன வழியிலேயே முப்பத்தைந்தில் திரும்பி வந்தார்கள். மீட்டர் நாற்பத்துநாலாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று.

வெள்ளிக்கிழமை காலை லீஸ் கம்பெனி யார்டின் கேட்டில் ஒரு லாரி நுழைந்தது. அதன் மேல், சுத்தமாகத் துடைத்த, ஒரு குறையும் இல்லாத வெள்ளைக் கார். லாரி வாடகை என்னுடையது. இந்த வழக்கில் எனக்குக் கிடைத்த ஃபீஸ் மொத்தமும் அதில் ஏறிப்போனது. அவசரப்பட்டு போன் செய்த வாய்க்கு அது அபராதம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

யார்டு ஆள் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். டார்ச் அடித்துக் கீறல் தேடினார். மீட்டரைப் படித்தார். மறுபடி படித்தார்.

"நல்லா ஓடுற வண்டியை எதுக்கு லாரியில கொண்டு வந்தீங்க?"

"லாரியில கொண்டு வரக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கா?" என்றேன்.

முப்பத்திரண்டு பக்கம் புரட்டினார். கீறலைப் பற்றி இருந்தது, சீட்டில் காபி கொட்டுவதைப் பற்றி இருந்தது, நாயைப் பற்றிக் கூட இருந்தது. லாரியைப் பற்றி ஒன்றும் இல்லை. பேந்தப் பேந்த முழித்துவிட்டு முத்திரை குத்தினார். பழைய வாடகை, அடுத்த மூன்று வருடம், அடுத்த நாற்பத்தைந்தாயிரம்.

புதுச் சாவி கைக்கு வந்ததும் பிசியோ கதவைத் திறக்கவில்லை. நேரே வண்டியின் பின்பக்கம் போனார். குனிந்து நம்பர் பிளேட்டை வாய்விட்டுப் படித்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை. பேனா எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

"இதுலயும் ஃபாக் லேம்ப் இல்ல" என்றான் சைலன்சர் துக்கத்தோடு.

பிசியோ போனை எடுத்தார். மறுமுனையில் தையல் மெஷின் சத்தம் எனக்கே கேட்டது.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்குக் கீழே வந்துடுங்க. இல்ல, நீங்க ஒண்ணும் பேசாதீங்க. ஆறாயிரத்து இருநூறுல ஐநூத்து இருபத்திரண்டுதான் கழிஞ்சிருக்கு. மிச்சம் முழுக்க இந்த வண்டியில இருக்கு. உங்க பொண்ணு படிச்சு முடிக்கிற வரைக்கும் வரும்."